ஊசி கட்டிப்போனால்

அன்புள்ள தம்பிக்கு,

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளில் சம்பாதிக்கும் வயதுக்காரர்கள் பலர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். தாத்தாவைத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஜிப்மருக்கோ அழைத்துப்போய், ஃபைலும் கையுமாக வரிசையில் நிற்கும் பொறுப்பு உன்னைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகளிடம் வந்து சேர்கிறது. அந்தப் பெரியவர் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவர் என்றால், ஒருநாள் சட்டையைத் தூக்கி அடிவயிற்றைக் காட்டி, "ஊசி போட்ட எடம் கட்டிப்போச்சுடா" என்பார். தொட்டால் தோலுக்கடியில் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். உடனே வீட்டில் இரண்டு பேச்சு கிளம்பும். நோய் வயிற்றுக்குப் பரவிவிட்டது என்பார் ஒருவர். ஊசி என்றால் அப்படித்தான், பேசாமல் இரு என்பார் இன்னொருவர். இரண்டும் அவசரத் தீர்ப்பு. அந்தக் கட்டி பெரும்பாலும் மருந்து வேலை செய்யும் முறையிலிருந்தே பிறக்கிறது. அது எப்படி மாறிவருகிறது, ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்ற இரண்டையும் வைத்தே அதை எடைபோட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் புராஸ்டேட் புற்று ஒடுங்கும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். அன்று அதற்கு இருந்த முக்கிய வழி விதைகளை அகற்றும் அறுவை. 1971இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு, மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பியை ஏவி டெஸ்டோஸ்டிரோன் சுரப்பை நடத்தும் ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்தது. 1977இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதன் பிறகு கத்தியில்லாமல் ஊசியாலேயே டெஸ்டோஸ்டிரோனை அடக்க முடிந்தது. ஆனால் ஒரு சிக்கல். அந்த இயற்கை ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதைத் திருத்திச் செய்த லியூப்ரோலைடும் சில மணி நேரமே தாங்கும். ஆகவே 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அது தினமும் போட வேண்டிய ஊசியாக இருந்தது. 1989இல்தான் மாதம் ஒருமுறை போடும் வடிவம் வந்தது. மருந்தை உடலுக்குள் ஓரிடத்தில் சேமித்து வைத்து, அங்கிருந்து மெல்ல மெல்லக் கசியவிடும் உத்தி அது. செந்துறையிலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ ஒரு முதியவர் தினமும் ஊசிக்குப் பஸ் ஏறாமல் இருப்பது இந்தச் சேமிப்பால்தான். சேமிப்பு என்றால் அது இருக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் சில சமயம் கைக்குத் தட்டுப்படுகிறது.

எல்லா ஊசியும் ஒரே விதமாகச் சேமிப்பதில்லை. கோசரெலின் என்பது அரிசி மணி போன்ற சிறு குச்சி. தொப்புளுக்குக் கீழே தோலடியில் தடித்த ஊசியால் வைக்கிறார்கள். லியூப்ரோலைடின் பல வகைகளில், கரையும் தையல் நூலின் இனத்தைச் சேர்ந்த பாலிமரால் ஆன நுண்ணிய உருண்டைகளுக்குள் மருந்து அடைபட்டிருக்கிறது. டெகாரெலிக்ஸ் தண்ணீர்போல உள்ளே போய், உடல் நீரோடு சேர்ந்ததும் கூழாக உறைந்துவிடும். அதன் அளவையும் கவனி. வழக்கமான தடுப்பூசி அரை மில்லி. டெகாரெலிக்ஸின் முதல் தவணையோ வயிற்றில் இரண்டு இடங்களில் மும்மூன்று மில்லி. 610 பேரிடம் ஓராண்டு நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், டெகாரெலிக்ஸ் போட்டவர்களில் 40 சதவீதம் பேருக்கு ஊசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம் என ஏதோ ஒன்று வந்தது. லியூப்ரோலைடில் ஒரு சதவீதம்கூட இல்லை. பெரும்பாலும் முதல் தவணையோடுதான் வந்தது. கெட்டிப்படுதல் 4 சதவீதம், முடிச்சுபோல் திரளுதல் 3 சதவீதம் மட்டுமே. ஃபைலில் மருந்தின் பெயரைப் படித்துவிட்டால், வந்திருக்கும் கட்டி எதிர்பார்க்கக்கூடியதா என்பது உனக்குப் பாதி விளங்கிவிடும்.

"சரி, மருந்து ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுமே, மூன்று மாதமாகியும் கட்டி போகவில்லையே?" என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்து கரைந்தாலும், உள்ளே வந்த அந்நியப் பொருளைச் சூழ்ந்துகொண்ட நம் உடலின் தற்காப்புச் செல்கள் உடனே கலைவதில்லை. அப்படித் திரண்ட திசுவைக் கிரானுலோமா என்கிறார்கள். லியூப்ரோலைடு போட்ட இடத்தில் இவ்வகைக் கட்டிகள் வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன. அது புற்றுநோய் இல்லை. புராஸ்டேட் புற்று பரவும்போது பெரும்பாலும் எலும்புக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் போகும். வயிற்றுத் தோலடியில், அதுவும் ஊசி குத்திய அதே புள்ளியில் முளைப்பது மிக அரிது. ஊசி படாத இடத்தில், கழுத்திலோ தொடையிடுக்கிலோ கட்டி தெரிந்தால் அது வேறு கதை; அதைத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

இன்னொரு பயமும் உண்டு: மருந்து கட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போய்விட்டதோ? கட்டியைத் தடவிப் பார்த்து இதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியாது. டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்கிறதா, ரத்தத்தில் அளக்கும் புராஸ்டேட் குறியீடான பி.எஸ்.ஏ. இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டும் சரியாக இருந்தால் மருந்து தன் வேலையைச் செய்கிறது. டெஸ்டோஸ்டிரோன் அடங்கவில்லை என்றால் மருத்துவர் மருந்தையோ ஊசி போடும் இடத்தையோ மாற்றுவார். கட்டிக்குப் பயந்து அடுத்த தேதியைத் தள்ளுவதுதான் உண்மையான ஆபத்து: அடங்கியிருந்த ஹார்மோன் மறுபடி எழும்பும், அதோடு நோயும்.

இனி வீட்டு வைத்தியம். எண்ணெய் போட்டு நீவினால் கரையாதா என்று பாட்டி கேட்பார். சதைப்பிடிப்புக்கு நீவுவது நம் ஊர் வழக்கம். இங்கே மட்டும் அது கூடாது. மெல்லக் கசிய வேண்டிய சேமிப்பை நசுக்கிக் கலைத்துவிடும். டெகாரெலிக்ஸ் போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது என்பது மருத்துவமனையிலேயே சொல்லும் விதி. வலித்தால் துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் போதும். இதைவிட முக்கியம் இடுப்பு. வேட்டி, கைலி முடிச்சு, அரைஞாண் கயிறு, அதற்கு மேல் பணமும் பீடிக்கட்டும் வைக்கும் அகலமான பச்சை பெல்ட்: நம் பெரியவர்களின் அடிவயிற்றில் அழுத்தம் படாத இடம் கொஞ்சம்தான். டெகாரெலிக்ஸை பெல்ட் இறுக்கும் இடத்திலும் விலா எலும்பை ஒட்டியும் போடக்கூடாது. மருத்துவமனையில் அவிழ்த்துவிட்டுப் படுத்திருப்பவரைப் பார்த்து, வீட்டில் அவர் எங்கே முடிச்சுப் போடுவார் என்று நர்ஸ் எப்படி அறிவார்? "இங்கதான் பெல்ட் கட்டுவாரு சிஸ்டர்" என்று நீதான் சொல்ல வேண்டும்.

"கட்டியே வராத வழி இல்லையா?" உண்டு. விதை நீக்கும் அறுவை ஒரே தடவையோடு முடியும், செலவும் குறைவு. நம் நாட்டில் இன்றும் பலர் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அது திரும்பாத வழி. கதிர்வீச்சோடு சேர்த்துக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஹார்மோனை அடக்க வேண்டியவருக்கு நிறுத்தக்கூடிய ஊசியே பொருந்தும். ரெலுகோலிக்ஸ் என்ற மாத்திரை 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை ஒருநாளும் விடாமல் விழுங்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் விலை உண்டு. முடிவு தாத்தாவுடையது, ஒரு கட்டி மட்டும் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

அதற்காக எல்லாக் கட்டியையும் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தொட்டால் சூடாக இருப்பது, சிவப்பு படர்வது, சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் பெரிதாவது, தோல் பிளப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே காட்டு, சர்க்கரை நோயாளி என்றால் இன்னும் வேகமாக. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குக் கோசரெலினின் தடித்த ஊசியால் உள்ளே ரத்தம் கட்டலாம். அந்த மாத்திரையைப் பற்றி ஊசிக்கு முன்பே சொல்லிவிடு. கட்டியை மட்டும் காட்ட திருச்சிக்கு ஓட வேண்டியதில்லை. பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, 2022 ஜனவரியில் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ பார்த்துச் சொல்வார்கள். ஆனால் வெறும் "ஊசி போட்டோம்" என்று போய் நின்றால் அவர்களால் என்ன சொல்ல முடியும்? ஃபைலின் கடைசித் தாளில் ஒரு அட்டவணை போட்டுக்கொள்: தேதி, மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், வயிற்றின் எந்தப் பக்கம், கட்டி எத்தனை சென்டிமீட்டர், வலி உண்டா. ஸ்கேலை வைத்து வாரம் ஒருமுறை அளந்தால் போதும். சுருங்கிவந்தால் காத்திரு, அப்படியே நின்றால் அடுத்த தவணையில் காட்டு, வளர்ந்தால் உடனே போ. அடுத்த ஊசியைக் கட்டியின் மேல் போடாமல் பக்கம் மாற்றிப் போடவும் அந்தத் தாளே வழிகாட்டும். முதல் வரியை இன்றே எழுதிவிடு. அடுத்த ஊசித் தேதியையும் அதிலேயே குறித்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்