நம்பகமான மின்சாரம் எது?

எங்கள் பாயான் பாருவுக்கு அருகிலேயே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை உள்ளது. அங்குள்ள மின்னணுத் தொழிற்சாலைகளில் மின்னழுத்தம் ஒரு நொடி தாழ்ந்தாலே இயந்திரங்கள் நின்று, பாதி முடிந்த பொருள்கள் வீணாகக்கூடும். ஆகவே, நம்பகமான மின்சாரம் எது என்பது எங்களுக்கு வெறும் பாடநூல் கேள்வியன்று. 2025இல் வெளிவந்த 13ஆவது மலேசியத் திட்டத்தில் அணுசக்தி மீண்டும் இடம்பெற்றதால், அது நாட்டின் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

அணுமின்சாரத்தை ஆதரிப்போர் ஒரு கணக்கைக் காட்டுவர். ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடினால் கிடைக்கக்கூடிய மின்சாரத்தில், உலக அணு உலைகள் சராசரியாக 80 விழுக்காட்டைத் தருகின்றன. நம் நாட்டுச் சூரியத் தகடுகள் தருவதோ ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடுதான். இரவும் மழைமேகமும் குறுக்கிடுகின்றன. கணக்கு சரியே. ஆனால், சராசரி மட்டும்தான் நம்பகத்தன்மையா?

தமிழ்நாட்டின் தென்கோடியில் இதற்கு நல்ல பாடம் உண்டு. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் இயங்குகின்றன. அதே வட்டாரத்தில், முப்பந்தலைச் சுற்றி நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் அவை நன்கு சுழலும். பருவம் முடிந்தால் ஓயும். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். ஆயினும், இந்த ஓய்வு முன்கூட்டியே தெரிந்தது. ஒரு காற்றாலை பழுதானால் மின்கட்டமைப்பு அதை உணர்வதுகூட இல்லை.

அணு உலை பருவம் பார்ப்பதில்லை. ஆனால், கோளாறு கண்டு அது தானாக நின்றால் 1,000 மெகாவாட்டும் ஒரே கணத்தில் மறையும். எரிபொருள் மாற்றவும் வாரக்கணக்கில் அதை நிறுத்தவேண்டும். கட்டி முடிக்கும் காலமும் நிச்சயமன்று: கூடங்குளத்திற்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 1988இல், முதல் உலையின் மின்சாரம் கட்டமைப்பில் சேர்ந்தது 2013இல்.

திடீர் இழப்பு என்ன செய்யும் என்பதை நம் நாடே கண்டிருக்கிறது. 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் திரங்கானு, பாக்கா மின் நிலையப் பகுதியில் தொடங்கிய கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. பாக்காவில் எரிந்தது இயற்கை எரிவாயு, அணுவுமன்று, காற்றுமன்று. உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்கவேண்டும். ஒரு நிலையம் விழுந்தால் அதன் சுமை மற்றவற்றின்மேல் ஏறுகிறது. தாங்க முடியாதபோது அவையும் ஒன்றன்பின் ஒன்றாக விலகுகின்றன.

ஆகவே, நம்பகத்தன்மை தனியொரு நிலையத்தின் குணமன்று. முழுக் கட்டமைப்பின் குணம் என்பதே என் முடிவு. சூரிய ஒளிக்கு மின்கலமும் நீர்த்தேக்கமும் துணை நிற்கவேண்டும். அணு உலைக்கும் 1,000 மெகாவாட் மாற்று எப்போதும் ஆயத்தமாக இருக்கவேண்டும். முன்னதன் துணைச் செலவைப் பேசுவோர் பின்னதன் செலவைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சூரியத் தகடுகளைச் சிறிது சிறிதாகவும் விரைவாகவும் அமைக்கலாம் என்பதால், முதலில் அதையும் சேமிப்பையும் வளர்ப்பதே நமக்கு ஏற்றது என்பேன்.

இனி யாரேனும் ஒரு மின் நிலையத்தைப் புகழ்ந்தால், “எவ்வளவு தரும்?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். “அது நின்றால் யார் தாங்குவது?” என்றும் கேளுங்கள்.