குடலுக்குச் செல்லும் இரத்தம் தடைபடும்போது

மாரடைப்பு என்றால் என்னவென்று இன்று எல்லோரும் அறிவர். பக்கவாதமும் அவ்வாறே. இதயத்துக்கும் மூளைக்கும் நேர்வது குடலுக்கும் நேரக்கூடும் என்பதைத்தான் பலர் கேள்விப்பட்டிருப்பதில்லை. குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வயிற்றுவலியோடு எங்களிடம் வருவோருள் பெரும்பாலோருக்கு இரைப்பைப் புண்ணோ பித்தப்பைக் கல்லோ குடல்வால் அழற்சியோதான் இருக்கும். எப்போதோ ஒருவருக்குத்தான் இந்நோய். ஆனால் அந்த ஒருவரை நாங்கள் பெரும்பாலும் காலங்கடந்தே காண்கிறோம். அதனால்தான் இம்முறை இதனை எழுத முற்பட்டோம்.

முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கும் பெருந்தமனியிலிருந்து மூன்று கிளைகள் பிரிந்து வயிற்று உறுப்புகளுக்கு இரத்தம் தருகின்றன. மேலே உள்ளது இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றுக்கும், கீழே உள்ளது பெருங்குடலின் பிற்பகுதிக்கும் செல்கின்றன. நடுவிலுள்ள மேல் குடல்தமனிதான் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் பெரும்பகுதியையும் பெருங்குடலின் முற்பகுதியையும் ஒற்றை ஆளாகக் காக்கிறது. உணவு உண்டபின் குடலுக்கு வழக்கத்தைவிட மிகுதியான இரத்தம் தேவைப்படுகிறது.

நம் பகுதிக் கண்மாயை நினைத்துக்கொண்டால் நோயின் இரு வகைகளும் எளிதில் விளங்கும். மூன்று மடைகளில் ஒன்று ஆண்டுக்கணக்கில் மெல்லமெல்லத் தூர்ந்தால், மற்ற மடைகளின் நீர் பக்கத்து வாய்க்கால்கள் வழியே வந்து பயிரை ஒருவாறு காப்பாற்றிவிடும். அதே மடை ஓர் இரவில் அடைபட்டுவிட்டால் வாய்க்கால் அமைவதற்கு நேரமிராது.

மெல்லத் தூர்வது புகைப்பவர்களிடமும், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மிகுந்த கொழுப்பு ஆகியவை உள்ள முதியவர்களிடமும் காணப்படுவது. உண்ட கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தொப்புளைச் சுற்றி வலி தொடங்கி, ஒன்றிரண்டு மணி நேரம் நீடித்துத் தானே அடங்கும். நாளடைவில் நோயாளி ஒரு வேளை உணவைக் குறைப்பார், பிறகு பாதி இட்லியோடு எழுந்துவிடுவார், உடல் மெலியும். புற்றுநோயோ காசநோயோ என்று குடும்பம் கலங்கும். எண்டோஸ்கோப்பியில் குறிப்பாக எதுவும் தென்படாது. இத்தகையவரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாப்பிடப் பிடிக்கவில்லையா, சாப்பிடப் பயமாக இருக்கிறதா?" பயம் என்று விடை வந்தால் இரத்தக்குழாய்களைப் படம் எடுத்துப் பார்க்கிறோம். தொடை இடுக்கு வழியாகவோ கை வழியாகவோ நுண்குழாயைச் செலுத்தி, சுருங்கிய இடத்தில் ஸ்டென்ட் பொருத்தினால் பலருக்கு உண்ணும் அச்சம் நீங்குகிறது. சிலருக்கு மாற்றுப்பாதை அறுவை தேவைப்படும். பீடியை விடாதவருக்கு இவ்விரண்டுமே நெடுங்காலம் பயன் தருவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஓர் இரவில் அடைபடுவதுதான் உயிரைப் பறிக்கும் வகை. குளத்தூரை அடுத்த சிற்றூரிலிருந்து வந்த ஓர் அம்மையாரின் நிலையை, அடையாளம் தெரியாதவாறு மாற்றி, இங்கே கூறுகிறோம். மிளகாய்த் தோட்ட வேலைக்குச் செல்பவர்; ஐம்பது வயதைக் கடந்தவர். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப் போயிருந்தது. இரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை, உடல் நன்றாகத்தானே இருக்கிறது என்று மூன்று மாதமாக நிறுத்தியிருந்தார். ஒரு நாள் மாலை ஏழு மணிக்குத் திடீரென்று வயிற்றில் கடும் வலி. ஒருமுறை வாந்தி, ஒருமுறை பேதி. வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவினார்கள். ஒன்பது மணிக்கு அருகில் ஓரிடத்தில் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்தார். வலி மங்கியது. விடியலில் வயிறு உப்பிவிட்டது. எங்களை அடைந்தபோது மறுநாள் நண்பகல். வலி தொடங்கிப் பதினேழு மணி நேரம் ஆகியிருந்தது.

இதயத்தில் உறைந்த இரத்தக் கட்டி ஒன்று பெயர்ந்து வந்து மேல் குடல்தமனியை அடைத்திருந்தது. அறுவையில் சிறுகுடலின் பெரும்பகுதி கறுத்துக் கிடந்ததைக் கண்டோம். அதனை அகற்ற நேர்ந்தது. எஞ்சிய குடல் உயிரோடிருக்கிறதா என்பதை உறுதிசெய்ய 36 மணி நேரம் கழித்து மீண்டும் வயிற்றைத் திறந்து பார்த்தோம். முதல் அறுவையில் ஐயத்துக்குரியதாகத் தோன்றும் குடல் சில வேளை உயிர் பெற்றுவிடும், சில வேளை பெறாது. ஆகவே இரண்டாம் அறுவை என்றதும் முதலாவது தவறிவிட்டது என்று உறவினர்கள் எண்ண வேண்டியதில்லை.

அந்தக் குடும்பத்தாரை நாங்கள் குறை கூறவில்லை. மருத்துவரையே ஏமாற்றும் நோய் இது. நோயாளி வலியால் துடிப்பார். ஆனால் கை வைத்து அழுத்தினால் வயிறு மென்மையாகவே இருக்கும். இரத்தம் குறைந்ததும் முதலில் நலிவது குடலின் உட்சவ்வு. சுவர் முழுதும் அழுகி, அழற்சி வயிற்று உறையைத் தொட்ட பிறகே வயிறு கல்லாகும். தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனைகள் இயல்பாக இருக்கலாம். வயிற்றில் காற்று நிறைந்திருந்தால் அல்ட்ராசவுண்டிலும் தெளிவாகத் தெரியாது. இத்தகைய வயிற்றைத் தொட்டுப் பார்த்து, காலையில் பார்க்கலாம் என்று நாங்களே சொன்ன இரவுகளும் உண்டு. இப்போது, துடிக்கும் வலியும் மென்மையான வயிறும் ஒருங்கே இருந்தால், நாங்கள் காத்திருப்பதில்லை.

உறுதிசெய்வது சி.டி. ஆஞ்சியோகிராம். நரம்பில் சாய மருந்து செலுத்திச் சில நிமிடங்களில் எடுக்கப்படும் படம். அம்மருந்தால் சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்று உறவினர்கள் தயங்குவது இயல்பே. அந்த ஆபத்து சிறிது. குடல் அழுகினால் நேர்வது பெரிது. ஆகவே சிறுநீரகப் பரிசோதனையின் முடிவு வரும்வரை இந்நோயாளியைக் காக்க வைப்பதில்லை.

இரத்தம் அறவே நின்றுபோன குடல் ஏறத்தாழ ஆறு மணி நேரம் தாண்டினால் மீட்க முடியாத நிலையை நோக்கிச் செல்லத் தொடங்குகிறது. அதற்குள் வந்தவர்களின் நிலையே வேறு. பனைத்தொழில் செய்யும் ஒருவர் நான்கு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். இ.சி.ஜி.யில் ஒழுங்கற்ற துடிப்பு தெரிந்தது; உடனே ஹெப்பாரின் தொடங்கிப் படம் எடுத்தோம்; முனையில் பலூன் உள்ள குழாயால் கட்டியை வெளியே இழுத்தாயிற்று. குடலில் ஓர் அங்குலம்கூட அகற்றவில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஃபோகார்ட்டி 1963-இல் வெளியிட்ட அந்த எளிய கருவி, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் அறுவை அரங்கில் இருக்கிறது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். குடலின் சிரையில் இரத்தம் உறைந்தால் வலி சில நாட்களாக மெல்ல வளரும். பலருக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தே போதும். முதியவர்களுக்கு இடப்பக்க வயிற்றுவலியோடு மலத்தில் இரத்தம் வந்தால் பெருங்குடலுக்கு இரத்தம் குறைந்திருக்கலாம். பெரும்பாலும் குடலுக்கு ஓய்வும் நரம்புவழி நீரும் தந்தாலே ஆறிவிடும். கோடையில் உப்பளத்திலும் கரிமூட்டத்திலும் உழைப்போர் உடல்நீர் வற்றவிடாமல் காப்பது இவற்றுக்கும் நல்லது.

இதயநோய் உள்ளவர் வீட்டில் திடீரென்று கடும் வயிற்றுவலி எழுந்தால் 108-ஐ அழையுங்கள். வலிக்கு ஊசி போடுவது தவறன்று. வலி மங்கிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்புவதே தவறு. மருத்துவமனையில் முதல் சொல்லாக, "இவருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லை, இந்த மாத்திரை சாப்பிடுகிறார், அல்லது நிறுத்திவிட்டார்" என்று கூறுங்கள். மாத்திரை அட்டை, பழைய இ.சி.ஜி., ஐ.என்.ஆர். குறிப்பேடு ஆகியவை கைக்கெட்டினால் எடுத்து வாருங்கள். காப்பீட்டு அட்டையை இரவில் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பின்னர் ஒருவர் கொண்டுவரலாம்.

அந்த அம்மையார் இப்போது சிறுசிறு உணவாக ஆறு வேளை உண்கிறார். குடலின் கடைப்பகுதி அகற்றப்பட்டதால் வைட்டமின் பி12 ஊசி வாழ்நாள் முழுதும் தேவை. ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு மாதந்தோறும் வருகிறார். சென்ற முறை தம் அண்ணன் மகளையும் உடன் அழைத்து வந்தார். தொண்டைவலி வந்து சில வாரங்களில் அச்சிறுமியின் முழங்கால்கள் மாறிமாறி வீங்கியிருந்தன. எக்கோ எடுத்ததில் வால்வில் சிறு கசிவு மட்டுமே தெரிந்தது. 21 நாட்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி தொடங்கியிருக்கிறோம்.