படகு உடையவர் கவனிக்க வேண்டிய கணக்கு

சோழமண்டலக் கரையிலுள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் அங்கத்தினர் பலர் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, படகு வாங்க எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதே. வாங்கிய படகை எத்தனை வருஷம் காப்பாற்ற முடியும் என்று கேட்டவர் மிகச் சிலர். இப்பாடம் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

கட்டுமரம் ஒன்றே பெரும்பாலோருக்குத் தொழிற் கருவியாயிருந்த காலத்தில் இக்கேள்விக்கு இடமில்லை. கடலினின்று திரும்பியவுடன் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணல்மேட்டிற்கு இழுத்து உலர வைப்பார்கள். உப்புநீர் ஊறிய மரம் கனத்துப்போகும்; கனத்த மரம் மறுநாள் அலையைத் தாண்டாது. ஆதலால் அன்றன்று ஒவ்வொரு மரத்தின் மீதும் கையும் கண்ணும் பட்டே தீரும். பலகை வள்ளத்திலும் அப்படியே. இடுக்கில் நீர் கசியும்பொழுது பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசாமல் மறுநாள் தொழிலில்லை. பராமரிப்பு என்பது தனி வேலையாக இல்லாமல் தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது.

26-12-2004 அன்று நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கரையில் பைபர் படகுகள் மிகுந்தன. இப்படகை மரத்தைப் போல் புழு துளைப்பதில்லை. அது மட்கிப் போவதுமில்லை. இது பெரிய நன்மையே. ஆனால் இந்நன்மையே ஒரு தீங்கையும் உடன் கொணர்ந்தது. முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, மரத்தைத் தினம் அவிழ்த்துப் பார்த்தோம். பைபரை யார் அவிழ்த்துப் பார்க்கிறார்கள்?" இதைவிடச் சுருக்கமாக நான் எழுத இயலாது.

பைபர் படகுக்கு வரும் கேடு வெளியே தெரியாமல் உள்ளே வளரும். மணலில் இழுக்கும்பொழுது அடிப்பாகம் தேய்கிறது. மேற்பூச்சில் மயிரிழை போன்ற விரிசல் கண்டால் அதைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. அதன் வழியே நீர் புகுந்து, அடுக்கடுக்காக ஒட்டிய நார்த் துணியை நாளடைவில் பிரித்துவிடும். எஞ்சினைத் தாங்கும் பின்பலகையின் உள்ளே மரப்பலகை வைத்து மூடியிருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். போல்ட்டுத் துளையின் வழியாக நீர் இறங்கினால், வெளியே பளபளப்பாயிருக்க உள்ளே மரம் அழுகும். மாதமொருமுறை படகைக் கவிழ்த்து, சிறு கட்டையால் அடிப்பாகத்தையும் பின்பலகையையும் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான ஓசை வருமிடம் நல்லது. பொத்தென்று ஒலிக்குமிடத்தில் அடையாளமிட்டு, உலர்த்திப் பழுதுபார்க்க வேண்டும். ஈரத்தின் மேல் பூசிய பைபர் ஒட்டாது.

படகைவிட எஞ்சினே விரைவில் கெடுவது. அவுட்போர்டு எஞ்சின் கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. ஆகவே கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரை உள்ளே செலுத்தி உப்பைக் கழுவிவிட வேண்டும். ஓடும்பொழுது பக்கத்துத் துவாரத்தில் நீர் பீச்சுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். அது நின்றால் எஞ்சினை உடனே நிறுத்துக. கியர் எண்ணெயை வடிக்கும்பொழுது அது பால் கலந்த காப்பி நிறமாயிருந்தால் நீர் புகுந்துவிட்டதென்று அறிக. பெரும்பாலும் காற்றாடியின் தண்டில் சுற்றிய தூண்டில் நரம்பு, எண்ணெயைக் காக்கும் வளையத்தை அறுத்திருக்கும். காற்றாடியைக் கழற்றிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

இவ்விஷயத்தில் என் தவறு ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஓர் அங்கத்தினரின் படகுக் கடன் மனுவைச் சிபாரிசு செய்தேன். ஜாமீன்தாரரைப் பார்த்தேன், விலைப் பட்டியலைப் பார்த்தேன். பழுதுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று மட்டும் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் நல்ல மீன் பருவத்தில், நீர் பீச்சாததைக் கவனியாமல் ஓட்டியதால் எஞ்சின் சூடேறி இறுகிப்போயிற்று. கையில் ரொக்கமில்லை. அவர் மீன் வியாபாரி ஒருவரிடம் முன்பணம் வாங்கினார். மறுமுறை நான் சென்றபொழுது படகு ஓலை மூடிக் கிடந்தது. அவர் வேறொருவர் படகில் கூலிப் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். மனிதர் சோம்பேறியுமல்லர், குடிகாரருமல்லர்.

முன்பணம் எவ்வாறு படகை விழுங்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு எடுத்தவை. அவரவர் தம் எண்களை இட்டுப் பார்க்கலாம். படகின் விலை ரூ. 2,00,000, ஆயுள் 10 வருஷம். எஞ்சின் விலை ரூ. 1,00,000, ஆயுள் 5 வருஷம் என்போம். தேய்மானம் வருஷத்துக்கு 20,000-மும் 20,000-மும் ஆக ரூ. 40,000. பழுதுச் செலவு ரூ. 20,000 சேர்த்தால் ரூ. 60,000. வருஷத்தில் 200 நாள் தொழில் நடந்தால், நாளொன்றுக்கு ரூ. 300.

ஒரு நாள் மீன் ரூ. 6,000-க்கு விற்கிறது. எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு ரூ. 2,000 போக மிச்சம் ரூ. 4,000. பங்கு முறை ஊருக்கு ஊர் வேறுபடும். இங்கே படகுக்கும் எஞ்சினுக்கும் ஒன்று, வலைக்கு ஒன்று, ஆட்கள் மூவருக்கு மூன்று என ஐந்து பங்கு என்க. பங்கு ரூ. 800. படகுப் பங்கான இந்த 800-ல் 300 உடையவருக்கு உரிய வரும்படியன்று. அது படகுக்கே உரியது. இதைக் குடும்பச் செலவில் சேர்ப்பவர் தம் படகைத் துண்டு துண்டாகத் தின்கிறார்.

முன்பணம் வாங்கினவர் மீனை அந்த வியாபாரி மூலமாகவே விற்க வேண்டியிருக்கும். அவர் நூற்றுக்கு ஐந்து பிடித்தால் ரூ. 6,000-ல் ரூ. 300. எடுத்து வைக்கத் தவறிய அதே 300! அசலில் இது ஒரு பைசாவும் குறைவதில்லை. மேலும் இத்தொகை பங்கு பிரிக்குமுன்னரே போகிறது. உடன் வரும் இரு தொழிலாளிகளும் தலைக்கு ரூ. 60 இழக்கிறார்கள், அவர்களோ எவரிடமும் கடன் வாங்கவில்லை. நல்ல ஆட்கள் வேறு படகுக்குப் போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வியாபாரியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. இரவில் எஞ்சின் கெட்டால் காலையில் பணம் தருகிறவர் அவர்தாம். சங்கமோ கூட்டம் கூட்டித் தீர்மானம் எழுத நாளாகிறது. விவசாய வங்கிகளைப் பற்றி 1895, 1897-ஆம் ஆண்டுகளில் அறிக்கை எழுதிய ஸர் பிரடெரிக் நிக்கல்ஸனே பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்துறை 1907-ல் தோன்றுவதற்கும் முதன்மையாயிருந்தார். கூட்டுறவுக்கும் கடலுக்கும் இவ்வளவு பழைய உறவிருந்தும், அவசரத்துக்கு உதவும் ஏற்பாடு பல சங்கங்களில் இல்லாதது வருந்தத்தக்கது.

ஆகவே படகுக் கடன் பெற்ற ஒவ்வோர் அங்கத்தினர் பெயரிலும் சங்கத்தில் "படகு நிதி" என்று தனிக் கணக்குத் திறக்கலாம். மீன் விற்ற அன்றே, பங்கு பிரிக்குமிடத்திலேயே, படகுப் பங்கிலிருந்து இத்தொகையைச் செலுத்துக. மீன் படாத நாளில் செலுத்த வேண்டுவதில்லை. அதிகம் பட்ட நாளில் இரட்டிப்பாகச் செலுத்தலாம். பணத்தைத் திரும்ப எடுக்க மெக்கானிக்கின் சீட்டும், நிர்வாகஸ்தர் இருவர் கையொப்பமும் போதுமென்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால், காலையில் கேட்டவருக்குக் காலையிலேயே பணம் கிடைக்கும். கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் இக்கணக்கிலிருந்து எடுக்க அனுமதிக்கலாகாது. இதைக் கேட்டுச் சிலர் என்மீது வருத்தப்படுவதுண்டு.

வடகிழக்குப் பருவக்காற்றுக்கு முன், புரட்டாசி மாதத்தில், சங்கத்தார் கரைக்குச் சென்று கடன் பெற்ற படகுகளையெல்லாம் கவிழ்த்துத் தட்டிப் பார்த்து, கண்ட பழுதுகளையும் நிதியிலுள்ள இருப்பையும் ஒரே பக்கத்தில் எழுதி வைப்பார்களாக. அடுத்த முறை நான் வரும்பொழுது ஜாமீன் பத்திரத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தையே கேட்பேன்.