அணையும் ஆறும்

அணை என்னும் சொல் தமிழிற் பல பொருள் தருவது. நீரைத் தடுத்து நிறுத்துவது அணை. அன்பொடு தழுவுதலும் அணைத்தலே. விளக்கை அவித்தலும் அணைத்தலே. அவ்வாறே ஆற்றின் குறுக்கே எழுப்பும் கட்டு ஊரைத் தழுவிக் காப்பதும் உண்டு. ஆற்றின் உயிரை அவிப்பதும் உண்டு. இவற்றுள் எது நிகழ்கின்றதென்று ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியவர் யாவர்? இதனைச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா என்றோர் ஆறு உளது. மின்னாற்றலின் பொருட்டு 1913-லும் 1927-லும் அதன் குறுக்கே இரண்டு அணைகள் எழுந்தன. மீன் மேலேறிச் செல்ல வழியமைத்திலர். ஆதலின், கடலினின்று வந்து ஆற்றில் முட்டையிடும் சால்மன் மீன்கள் அருகின. அவற்றை நம்பி வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர் பெரிதும் இழந்தனர். அவர்கள் நெடுங்காலம் முறையிட்டு வர, 1992-ல் சட்டம் பிறந்தது. 2011 முதல் 2014 வரை அணைகள் சிறிது சிறிதாக அகற்றப்பட்டன. கலங்கல் நீரால் அயல் நகரத்தார் இடருறாவண்ணம் நீரைத் தூய்மை செய்யும் நிலையத்தை முன்னரே அமைத்தனர் என்பது கருதத்தக்கது. மீன்கள் மேலேறின, தேங்கிக் கிடந்த மணல் கடல்முகத்தை அடைந்து புதுக்கரை ஆயிற்று.

இனி நம் கூவத்தை நோக்குவோம். கேசாவரம் அணைக்கட்டில் கொசத்தலையாற்றினின்று பிரியும் நீர் கூவத்தை அடைகின்றது. பூவிருந்தவல்லிக்கு மேற்கேயுள்ள ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டு அதனைக் கால்வாய் வழியே செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்புகின்றது. அதன் கீழே திருவேற்காடு, மதுரவாயல் வழியாகச் செல்லும் ஆறு, மழைக்காலம் ஒழிந்த நாட்களிற் பெரும்பாலும் கழிவுநீரையே சுமக்கின்றது. அவ்வணையை இடித்தல் தகுமோ எனின், தகாது. செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியன்றோ? ஈண்டு அகற்றற்குரிய தடைகள் வேறு. கழிவுநீர்க் குழாய்களும், கட்டட இடிபாடுகளும், தூர்ந்த வரத்துக்கால்களுமே அவை.

ஆயினும், கரைவாழ் மக்களைக் கேட்டல் என்னும் பாடம் இரண்டிடத்தும் பொருந்தும். பண்டு நம் ஊரார் குடிமராமத்து முறையால் ஏரிகளைத் தாமே தூரெடுத்துக் காத்தனர். இந்நாளிலும் அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் மக்கள், தம் ஏரியிற் கழிவுநீர் கலத்தலை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். மற்றொருபால், கூவத்தைச் சீர்செய்யும் பொருட்டுக் கரையோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் முதலிய தொலைவிடங்கட்குப் பெயர்க்கப்பட்டன. தொழிலும் பள்ளியும் அவர்க்கு நெடுந்தொலைவாயின. வெள்ளக்கரையில் வாழ்தல் இடரே. எனினும் எங்கே, எப்பொழுது பெயர்வது என்பதில் அவர் சொல்லும் ஏறவேண்டும். ஆற்றைக் கெடுத்தவர் அவர் மட்டுமோ? நம் இல்லங்களின் சாக்கடையும் அங்கேதான் சென்று சேர்கின்றது.

பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டு நோயுற்றுக் கிடந்தவனை, நலம்பெற அவனுக்கு மனமுண்டோ என்று வினவிய பின்னரே நம் ஆண்டவர் எழுப்பினார். ஆற்றை எழுப்ப விழைவோரும் முதற்கண் வினவக் கற்றல் வேண்டும். மாணவராகிய நாம் விடுமுறை நாட்களில் ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்து முதியோரை அணுகி, பழைய வரத்துக்கால்கள் சென்ற வழியைக் கேட்டு எழுதி வைப்போமாயின், அதுவே இப்பணிக்கு நல்ல தொடக்கமாகும்.