பாதி மூடிய சுவிட்ச்

உயர்நிலை வகுப்பில் மின்சுற்றுப் படம் வரையும்போது சுவிட்சுக்கு இரண்டே நிலைகள்தான். திறந்திருந்தால் மின்னோட்டம் இல்லை. மூடியிருந்தால் தடையின்றி ஓடும். தேர்வுக்கு அது போதும். ஆனால் பதினைந்து ஆண்டு ஓடிய ஒரு காரில், சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் இக்னிஷன் சுவிட்சுக்கு மூன்றாவது நிலை ஒன்று வந்துவிடுகிறது. மூடியதுபோல் தெரியும்; முழுதாக மூடியிருக்காது.

சிங்கப்பூரில் பத்து வயதான காரே கிழவன்தான். வாகன உரிமைச் சான்றிதழின் காலம் பத்து ஆண்டு. அதை இன்னும் ஐந்து அல்லது பத்து ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுபவர்கள் நம்மிடையே நிறைய. பத்து ஆண்டைத் தாண்டினால் ஆண்டுதோறும் வாகனப் பரிசோதனை உண்டு. பிரேக், புகை, விளக்கு எல்லாம் பார்ப்பார்கள். சாவிக்குப் பின்னால் உள்ள சுவிட்சை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. அது கெட்டுப்போவதை ஓட்டுபவர் தெரிந்துகொள்வது பெரும்பாலும் சாலையில்தான். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஜூரோங் பக்கம், பின்னால் துவாஸ் போகும் லாரிகள் வரிசையாக வரும்போது, இயந்திரம் ஒரு நொடி நின்று மறுபடி ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சாவியைத் திருகும் இடத்தில் உண்மையில் இரண்டு பொருள்கள் உள்ளன. முன்னால் இருப்பது பூட்டு. சாவியின் பல்லைச் சரிபார்ப்பது அதன் வேலை. அதன் பின்புறத்தில் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கூடு ஒன்று இருக்கும்; உள்ளே செம்புத் தொடுமுனைகள். இதுதான் சுவிட்ச். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த மின்னோட்டம் இதன் வழியாகப் போவதில்லை. வேறொரு தடித்த கம்பியில் போகிறது. ஆனால் பழைய கார்கள் பலவற்றில் தீப்பொறிச் சுருள், எரிபொருள் பம்ப், இயந்திரத்தின் கணினி ஆகியவற்றுக்கான மின்சாரம் இந்தத் தொடுமுனைகளைக் கடந்துதான் போக வேண்டும்.

ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் முனைகள் பிரியும் இடத்தில் சின்ன மின்பொறி பறக்கும். அது செம்பில் பொடிக்குழி போடும், கரி படியவைக்கும். தொடும் பரப்பு குறையக் குறைய மின்தடை ஏறும். கணக்குப் போடுவோம். சுவிட்ச் வழியே 15 ஆம்பியர் ஓடுகிறது என்று கொள்ளுங்கள். புதிய சுவிட்சின் தடை 0.01 ஓம் என்றால், அதில் இழக்கும் மின்னழுத்தம் 0.15 வோல்ட், எழும் வெப்பம் 2.25 வாட். ஒன்றுமே இல்லை. தடை 0.2 ஓம் ஆகட்டும். இழப்பு 3 வோல்ட், வெப்பம் 45 வாட்! ஈயம் பற்றவைக்கும் கோலின் வெப்பம் அது, பிளாஸ்டிக் கூட்டுக்குள். (தடை ஏறினால் மின்னோட்டம் சற்றுக் குறையும், கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிட்டேன்.) வெப்பத்தில் கூடு இளகும், முனை நகரும், தடை இன்னும் ஏறும். ஒன்று மற்றதை வளர்க்கும் சுழல் இது. 12 வோல்ட் எதிர்பார்க்கும் கணினிக்கு 9 வோல்ட் கிடைத்தால் ஏதோ சமாளிக்கும். ஒரு குலுக்கலில் அதுவும் போனால் இயந்திரம் நின்றுவிடும்.

2002இல் ஹோண்டா நிறுவனம், 1990களின் பிற்பகுதியில் தயாரான சிவிக், அக்கார்ட் உள்ளிட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்காகத்தான். தொடுமுனைகள் சீக்கிரம் தேய்ந்து, ஓடும்போதே இயந்திரம் நின்றது.

மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துச் சுவிட்சைச் சோதிப்பவர்கள் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த நிலையில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். 0.2 ஓம் தடை, மீட்டரின் கம்பிகளுக்கே இருக்கும். சுமை ஓடும்போது அளக்க வேண்டும். சாவியை ஆன் நிலையில் வைத்து, விளக்கு, விசிறி எல்லாம் போட்டு, மீட்டரை வோல்ட் நிலைக்கு மாற்றி, ஒரு முனையைச் சுவிட்சுக்குள் வரும் பேட்டரிக் கம்பியிலும் மறுமுனையை வெளியேறும் கம்பியிலும் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகம். சாவியை லேசாக ஆட்டும்போது எண் துள்ளினால் சந்தேகமே இல்லை.

எதை மாற்றுவது என்று தீர்மானிக்கும் முன் இன்னொன்று. வெயிலில் நின்ற கார் கிளம்பாமல், ஆறியதும் கிளம்பினால், குற்றவாளி பெரும்பாலும் எரிபொருள் பம்பின் ரிலே. உள்ளே ஈய இணைப்பு விரிசல் விட்டிருக்கும். அப்போது முகப்பு விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். சுவிட்ச் பழுதென்றால் முகப்பும் சேர்ந்து அணையும்.

சுவிட்ச் இயந்திரவியல் காரணத்தாலும் சொதப்பும். சாவியை ஆன் நிலையில் பிடித்து வைப்பது சுருள்வில் தள்ளும் ஒரு சிறு முளை. ஜெனரல் மோட்டார்ஸ், கோபால்ட் போன்ற கார்களில் அந்தப் பிடிப்புக்கு 15 முதல் 25 நியூட்டன்-சென்டிமீட்டர் திருப்புத்திறன் வேண்டும் என்று வகுத்திருந்தது. பல கார்களில் அதற்குக் கீழேதான் இருந்தது. 300 கிராம் சாவிக்கொத்து, அச்சிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கினால் திருப்புத்திறன் ஏறக்குறைய 9. சாலைப் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அது இன்னும் கூடும். சாவி தானாகத் திரும்பும், இயந்திரம் நிற்கும், ஸ்டியரிங் கனக்கும், காற்றுப்பையும் விரியாது. 2014இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட இறப்புகள் 124. நிறுவனம் 2006இலேயே முளையைச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளமாக்கியிருந்தது. பாகத்தின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. அதனால் பழையதையும் புதியதையும் பிரித்தறிய முடியாமல் விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பொறியியலில் இதைவிடப் பெரிய குற்றம் எனக்குத் தெரிந்து இல்லை.

உங்கள் காரின் சாவியோடு வீட்டுச்சாவி, கடைச்சாவி, முருகன் படம் எல்லாம் தொங்கினால் இன்றே கழற்றி வேறு வளையத்தில் போடுங்கள். ஓடும்போது இயந்திரம் நின்றுவிட்டால் சாவியைப் பூட்டு நிலைக்குத் திருப்பவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அபாய விளக்கைப் போட்டு, பிரேக்கை ஒரே அழுத்தமாக அழுத்துங்கள். விட்டு விட்டு அழுத்தினால் உதவி வெற்றிடம் தீர்ந்து மிதி கல்லாகிவிடும்.

சுவிட்சை மாற்றுவது நீண்ட வேலை அல்ல. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். காற்றுப்பையின் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அது வடியும் முன் ஸ்டியரிங் அருகே கைவைக்கக் கூடாது. பிறகு ஸ்டியரிங் தண்டின் உறை, அதன் பின் பூட்டின் பின்புறத்தில் பெரும்பாலும் இரண்டு திருகாணிகள். கம்பி இணைப்புகளைத் தாழ்ப்பாளை அழுத்தி எடுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. பூட்டைத் தொடுவதில்லை என்பதால் அதே சாவியே போதும், அதில் உள்ள சில்லும் வேலை செய்யும். இந்த விவரம் தெரியாமல் பூட்டோடு சேர்த்து முழுத் தொகுதிக்கும் காசு கொடுப்பவர்கள் உண்டு. பட்டறையில் கொடுத்தாலும், "பின்னால் இருக்கும் சுவிட்ச் மட்டுமா?" என்று கேளுங்கள். மாட்டியபின் ஒவ்வொரு நிலையிலும் சாவியைத் திருப்பி, காற்றுப்பை விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்து, அதே மீட்டரால் அதே இரண்டு கம்பிகளில் மறுபடி அளந்து, வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.