அருளானந்தரின் மறுவரவு

வண்டியூரைக் கடந்து கீழ்த்திசை ஏகும் வையை மறவர் சீமையைச் சாரும். அச்சீமையின் ஓரியூரில் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்டவர் அருளானந்தர். அம்மரணத்தினும் 1690-இல் அவர் மீண்டு வந்ததே என் கருத்தைக் கவர்கின்றது. 1686-இல் இச்சீமையிலேயே சிறையும் வதையும் உற்றவர் அவர். பின்னர்த் தாய்நாடாகிய போர்த்துகலில் அரசன் நிறுத்திக்கொள்ள விரும்பியும் நில்லாது திரும்பினார். துன்பத்தை அவர் தேடிற்றிலர். தம் பணி செல்லும் வழியில் அது நிற்பதறிந்தும் நடந்தார். சீஷன் சிலுவை எடுத்தல் என்பதை யான் இவ்வாறே கொள்கின்றேன்.

ஈண்டு ஒன்று உரைத்தல் வேண்டும். தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறும்பொருட்டு ஒரு மனைவியை மட்டும் வைத்து ஏனையோரை விலக்கினார். அவருள் சேதுபதியின் உறவினளாகிய ஒருத்தி முறையிட்டதே அருளானந்தரின் மரணத்திற்கு ஏதுவாயிற்று. அம்மகளிர் தம் இழப்பைத் தாமே தெரிந்துகொண்டவரல்லர். முறையிட்டவளை வெறும் பகையாக எண்ணுதல் முறையன்று என்பது என் துணிபு.