கத்திரி வெயிலில் கோவளமும் மாமல்லபுரமும்

சென்னையில் வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டதும் எல்லோருக்கும் கடல் ஞாபகம் வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை டிபன் முடித்து, குடும்பத்தோடு காரில் ஏறி, சரியாக உச்சிவெயிலில் மாமல்லபுரத்தில் போய் இறங்குகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல கோடைகளாகப் போய்வருகிறேன். எந்த ஊருக்குப் போகலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், எத்தனை மணிக்கு என்று யோசியுங்கள்.

காரணம் காற்று. மே மாதக் காலையில் தரைப்பக்கமிருந்து மேல்காற்று வீசும். ஈரமில்லாத அனல் அது. தரை நன்றாகக் காய்ந்த பிறகுதான் கடற்காற்று உள்ளே வரும். சில நாள் பதினொரு மணிக்கே வந்துவிடும். மேல்காற்று பலமாக இருந்தால் பிற்பகல் இரண்டு, மூன்று வரை தலைகாட்டாது. அதுவரை கடலோரத்தில் நின்றாலும் நகரத்துக்குள் நின்றாலும் ஒரே வெக்கைதான்.

அதனால் நான் இருட்டோடு கிளம்பிவிடுவேன். மே மாதத்தில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் உதிக்கிறது. மாமல்லபுரத்துச் சின்னங்களை ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். கடற்கரைக் கோயிலும் அர்ச்சுனன் தபசும் கிழக்குப் பார்த்தவை. இளவெயில் பக்கவாட்டில் விழும்போது அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒவ்வொரு உருவமும் தனித்தனியாகத் துலங்கும். யானைகளின் காலடியில் நிற்கும் குட்டிகளைக்கூட எண்ணலாம். மதியத்தில் அதே பாறை தட்டையாகத் தெரியும். ஐந்து ரதங்களை எட்டரைக்குள் பார்த்துவிடுங்கள், அப்புறம் மணல் சுடும். பிறகு வராக மண்டபம், மகிஷமர்த்தினி மண்டபம் என்று குடைவரைகளுக்குள் நுழைந்துவிடலாம். கல்லுக்குள் இருக்கும் குளிர்ச்சிக்கு ஈடே கிடையாது.

பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளியே அலையவே வேண்டாம். திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. பழைய தென்னிந்திய வீடுகளைப் பிரித்துக்கொண்டுவந்து மறுபடி கட்டி, 1996-இல் திறந்தார்கள். அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்தாலே நம் முன்னோர் வெயிலை எப்படிச் சமாளித்தார்கள் என்பது விளங்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. சாலையோரம் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் கிடைக்கும் காலம் இது. பாட்டில் பானத்தைத் தேடி ஓட வேண்டாம்.

இனி, தண்ணீரில் இறங்குவது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கோவளத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவர் என்னிடம் சொன்னார்: "அலை ஒடையாத எடம் சாதுவா இருக்குன்னு எறங்காத தம்பி. அங்கதான் தண்ணி வெளிய இழுக்குது." நகரத்துக்காரர்களின் கண்ணுக்கு நேர்மாறாகத்தான் படும். இரண்டு பக்கமும் அலை நுரைக்க, நடுவில் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரிகிற அந்த ஓடை வழியாகத்தான் கரையில் குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்புகிறது. அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது; களைத்துப்போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரையேற வேண்டும். நீச்சல் தெரியாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முழங்கால் ஆழமே எல்லை. குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

கோடையில் இன்னொன்றும் உண்டு, கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ புயல் கிளப்பிய அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து கரையில் ஏறும். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த சமயத்தில்தான். கிளம்புவதற்கு முன் கடல் எச்சரிக்கைகளை வெளியிடும் இன்காய்ஸ் மையத்தின் அறிவிப்பைப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனைப் (ஜெல்லிமீன்) பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவுங்கள்.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் ஹோட்டலில் பெரிய வஞ்சிரத் துண்டு கேட்டால், அது பெரும்பாலும் வேறு கரையிலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கும், விலையும் ஏறியிருக்கும். ஆனால் சிறிய ஃபைபர் படகுகளுக்குத் தடையில்லை. காலையில் அவை கரை சேரும் நேரத்தில் கோவளத்தில் இருந்தால், "அக்கா, இன்னிக்கு வலையில என்ன?" என்று கேட்டு வாங்கலாம். நெத்திலியோ சங்கராவோ நண்டோ, அன்றைக்கு எது கிடைத்ததோ அதுதான் அந்த ஊரின் ருசி. படகு இழுக்கிற, மீன் ஏலம் போகிற இடத்தில் கேமராவோடு குறுக்கே நிற்காதீர்கள். நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலை நேரம்.

கூட்டம் பிடிக்காதவர்கள் கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் வரை போகலாம். டச்சுக் கோட்டையும் உள்ளே செதுக்கு வேலைப்பாடுள்ள கல்லறைகளும் இருக்கின்றன. நிழல் குறைவு, ஆகவே காலையிலேயே போங்கள். வடக்கே பழவேற்காட்டை மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூநாரைகளைப் பார்க்க அதுதான் பருவம்.

ஞாயிறு மாலை சென்னைக்குத் திரும்பும் வண்டிகள் கோவளம் தொடங்கி அக்கரை வரை ஊர்ந்துதான் போகும். நான்கு மணிக்கு முன்பே கிளம்புங்கள். இல்லையென்றால் கடற்காற்றில் உட்கார்ந்து இரவுச் சாப்பாட்டையும் முடித்து, ஒன்பதுக்கு மேல் வண்டியை எடுங்கள். விடுப்பு கிடைக்குமானால் புதன் அல்லது வியாழனில் போய்வாருங்கள்.